நயினார் என்ற பெயர்

பாலராமபுரத்தில் கைத்தறித் துணி வியாபாரம் செய்யும் நான், வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணன். பெயருக்குப் பின்னால் நயினார் என்று போடுவது எங்கள் வழக்கம். பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் நாயர் என்று எழுதிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் நாயனார் என்று திருத்துவார்கள். "முஸ்லிம் பெயராச்சே, நீங்க எப்படி?" என்று கேட்பவர்களும் உண்டு.

'நாயகன்' என்ற வடசொல் தமிழில் 'நாயன்' ஆயிற்று. தலைவன், ஆண்டவன் என்று பொருள். மரியாதைக்கு 'ஆர்' சேர்ந்து நாயனார். பேச்சில் அதுவே நயினார். சைவர்களுக்கு அறுபத்து மூன்று நாயன்மார். வைணவ ஆசாரியர்களில் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இருக்கிறார். வள்ளுவரையும் திருவள்ளுவ நாயனார் என்றே பெரியவர்கள் எழுதினார்கள். தமிழ்நாட்டு முஸ்லிம்களில் நயினார் முகம்மது என்ற பெயர் சாதாரணம். இராமநாதபுரம் மாவட்டத்து நயினார்கோவிலில் இருப்பதோ சிவன் கோயில்.

எங்களவர் சிலர், 'ஜைனர்' என்பதுதான் நயினார் எனத் திரிந்தது என்பார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்படியென்றால் முஸ்லிம் வீட்டுக்கும் சிவன் கோயிலுக்கும் அந்தப் பெயர் எப்படிப் போயிற்று? எல்லோருக்கும் பொதுவாக இருந்த மரியாதைச் சொல்லை நாங்கள் குடும்பப் பெயராகவே வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். திருக்குறளை ஆராய்ந்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் (1880–1960) எங்களவர்.

கேரளத்திலும் நாயனார் உண்டு. மூன்று முறை முதலமைச்சராக இருந்த ஈ.கே. நாயனார் கண்ணூர்க்காரர். நாயர் என்பதும் நாயகனிலிருந்து வந்ததே என்று சொல்லும் அறிஞர்கள் பலர். ஆக, எழுத்தர் தப்பாக எழுதினாலும் சொந்தக்காரப் பெயராகத்தான் எழுதுகிறார்!

ஆனால் சான்றிதழுக்கு இலக்கணம் தெரியாதே. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பா நயினார், மூத்தவன் நாயர், இளையவன் நாயனார். ஒரே குடும்பம் என்று காட்டவே அலைந்தார்கள். 2014 ஜனவரியில் மத்திய அரசு சமணர்களைச் சிறுபான்மையினராக அறிவித்தது. அந்தச் சலுகை கேட்டுப் போகிற பையன் கையில் நாயர் என்ற காகிதம் இருந்தால் கேள்வி வரத்தானே செய்யும்?

அயர்லாந்திலும் இப்படித்தான். டியர்னி என்ற குடும்பப் பெயர், அவர்கள் மொழியில் 'தலைவன்' என்ற சொல்லடியாகப் பிறந்தது. நம் நயினாருக்கு நேர். அந்நாட்டுப் பெயர்களின் முன்னால் வழித்தோன்றல் என்று காட்டும் 'ஓ' நிற்கும். ஆங்கில ஆட்சியில் பல குடும்பங்களில் அது உதிர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மொழிப்பற்று எழுந்தபோது பலர் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது பெயரைத் தமிழிலும், பக்கத்திலேயே ஆங்கில எழுத்திலும் நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வாயால் சொன்னால், கேட்பவருக்குப் பழகின பெயர்தான் காகிதத்தில் விழும்.