அளந்து சேர்த்த பெயர்

1999 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கோளாறு காரில் இல்லை, கணக்கில். 1998-இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற சொகுசுக் கார் எங்கள் காடிலாக்தான், லிங்கனை 222 வண்டிகள் வித்தியாசத்தில் முந்திவிட்டோம் என்று அந்த நிறுவனம் சில மாதங்களுக்கு முன்பு மார்தட்டியிருந்தது. பிறகு தோண்டிப் பார்த்தால், டிசம்பர் விற்பனையில் 4,773 வண்டிகள் கூடுதலாக ஏற்றிக் காட்டப்பட்டிருந்தன. பல பத்தாண்டுகளாகக் காடிலாக் வசம் இருந்த முதலிடம் உண்மையில் லிங்கனிடம் போய்விட்டிருந்தது.

விற்பனைக் கணக்கைப் பூசி மெழுகுவது வியாபாரத்தில் நடக்காத அதிசயம் இல்லை. ஆனால் இந்தக் கம்பெனி அப்படிச் செய்ததுதான் உறுத்துகிறது. காடிலாக்குக்குப் பெயர் வந்ததே அளவு பிசகாத வேலையால். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த மனிதர்தான், விதியின் விளையாட்டுபோல, லிங்கனையும் தொடங்கியவர்.

அவர் ஹென்றி லீலண்ட். (அசோக் லேலண்டின் லேலண்ட் இங்கிலாந்தில் ஓர் ஊர், அதற்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) 1843-இல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையிலும், பிறகு கோல்ட் துப்பாக்கிக் கம்பெனியிலும், அளவுக் கருவிகளுக்குப் பேர்போன பிரௌன் அண்ட் ஷார்ப் நிறுவனத்திலும் வேலை பார்த்தார். போர்க்களத்தில் ஒரு துப்பாக்கியின் விசை உடைந்தால் இன்னொரு துப்பாக்கியிலிருந்து கழற்றி மாட்ட முடிய வேண்டும். அந்தத் தொழிலில் பழகிய கை அவருடையது.

1902-இல் டெட்ராய்ட்டில் ஹென்றி ஃபோர்டு தம் பெயரிலேயே இருந்த கம்பெனியை விட்டுக் கோபத்தோடு வெளியேறினார். முதல் போட்டவர்கள் கடையைக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்து, இயந்திரங்களுக்கு விலை மதிப்பிட லீலண்டை அழைத்தார்கள். அவர் மதிப்பீட்டோடு ஒரு யோசனையும் கொண்டுபோனார்: விற்க வேண்டாம், என்னிடம் நல்ல ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் இருக்கிறது, அதை வைத்துக் கார் செய்யுங்கள். அப்படிப் பிறந்ததுதான் காடிலாக். 1701-இல் டெட்ராய்ட் நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரை வைத்தார்கள், அவருடைய குலச் சின்னத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆள் பிறப்பில் வெறும் அந்துவான் லோமே. புதிய உலகத்துக்குக் கப்பலேறி வந்ததும் பிரபுப் பட்டமும் கேடயச் சின்னமும் தாமே சூட்டிக்கொண்டவர். காரின் மூக்கில் இன்றுவரை மின்னும் சின்னத்துக்கு மூலம் அந்தச் சுயம்புப் பிரபுவின் கற்பனைதான்.

சின்னம் போலியாக இருந்தாலும் வண்டி அப்படி இல்லை என்பது 1908-இல் நிரூபணமானது. அந்தக் காலத்தில் ஒரு கார் இன்னொரு காரைப்போல் இருக்காது, ஒரே கம்பெனியின் ஒரே மாடலாக இருந்தாலும். பாகங்களை உத்தேசமாக வார்த்து, பிட்டர்கள் அரத்தால் ராவிப் பொருத்துவார்கள். ஒரு பல்சக்கரம் உடைந்தால் புதிதாக வாங்கியது அப்படியே உட்காராது, மறுபடி ராவல். நல்ல கார் என்றால் அப்படிக் கைவேலையால் ஆனது என்றுதான் ஐரோப்பாவில் நம்பினார்கள். அமெரிக்கச் சரக்கு மலிவு, ஆகவே மட்டம் என்பது இங்கிலாந்தில் பொது அபிப்பிராயம்.

காடிலாக்கின் லண்டன் ஏஜென்ட் ஃபிரெடரிக் பென்னட் இதை உடைக்க நினைத்தார். ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் மூன்று ஒற்றைச் சிலிண்டர் காடிலாக்குகளை புரூக்லாண்ட்ஸ் பந்தய மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஓட்டிப் பார்த்தபின் மூன்றையும் கடைசித் திருகாணி வரை பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் எழுநூறுக்கு மேற்பட்ட பாகங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கலந்தார்கள். போதாக்குறைக்கு, கிளப்பைச் சேர்ந்தவர்கள் 89 பாகங்களை எடுத்து ஒதுக்கிவிட்டு, ஏஜென்டின் கிடங்கிலிருந்து உதிரிப் பாகங்களைக் கொடுத்தார்கள். மெக்கானிக்குகள் அரத்தைத் தொடக் கூடாது. ஸ்பேனரும் ஸ்குரூடிரைவரும் போன்ற சாதாரணக் கருவிகள் மட்டும். வண்ணம் மாறி மாறிக் கதம்பமாக எழுந்து நின்ற அந்த மூன்று வண்டிகளும் கிளம்பின. மைதானத்தில் 500 மைல் ஓடின. அந்த ஆண்டின் சிறந்த வாகனத் தொழில்நுட்பச் சாதனைக்கான டீவார் கோப்பை முதல்முறையாக ஓர் அமெரிக்கக் காருக்குப் போனது. "உலகத்தின் தர அளவுகோல்" என்று காடிலாக் தன்னைச் சொல்லிக்கொள்ளத் தொடங்கியது இதன் பிறகுதான். விளம்பர வாசகங்களில் இப்படிச் சாட்சி உள்ளவை குறைவு.

1909-இல் ஜெனரல் மோட்டார்ஸ் காடிலாக்கை வாங்கியது. லீலண்ட் தொடர்ந்து நடத்தினார். அடுத்த சாதனை ஸ்டார்ட்டர். அதுவரை காரின் முன்னால் குனிந்து ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறியும், தாடை பெயரும். ஓஹையோவின் டேட்டனில் இருந்த சார்லஸ் கெட்டரிங், முன்பு கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். கல்லா திறக்க மோட்டார் இடைவிடாமல் ஓட வேண்டியதில்லை, ஒரு கணம் முழு மூச்சாக இழுத்தால் போதும் என்று கண்டவர். அதே யோசனை எஞ்சினுக்கும் பொருந்தியது. 1912 மாடல் காடிலாக் மின்சார ஸ்டார்ட்டரோடு வந்து, இரண்டாவது டீவார் கோப்பையையும் பெற்றது. பெண்கள் துணை இல்லாமல் கார் எடுக்க முடிந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

1915 மாடலில் வி-8 எஞ்சின் வந்தது. ஆரம்பத்தில் அதில் மின்கோளாறுகள் தலைகாட்ட, போட்டிக் கம்பெனியான பேக்கார்டு கேலி பேசியது. காடிலாக்கின் பதில், விளம்பர எழுத்தாளர் தியடோர் மக்மேனஸ் எழுதிய ஒரு பக்கம். முதலிடத்தில் இருப்பவன் பொறாமைக்கும் தூற்றலுக்கும் ஆளாவது இயல்பு என்று சொல்லும் அந்தப் பத்தியில் காரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 1915 ஜனவரி 2-ஆம் தேதி 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' இதழில் அது வந்தது. இன்றும் விளம்பரத் துறையில் அதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் நெருடலாகவே படுகிறது. புரூக்லாண்ட்ஸில் பாகங்களைக் கொட்டிக் காட்டிய கம்பெனி, குறை சொன்னவர்களுக்கு முதல்முறையாக வார்த்தையால் பதில் சொன்னது அங்கேதான்.

லீலண்ட் 1917-இல் விலகினார். முதல் உலகப் போருக்கு விமான எஞ்சின் செய்யலாமா என்பதில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் வில்லியம் டியூரன்டோடு ஏற்பட்ட பிணக்குதான் காரணம். எழுபது வயதைத் தாண்டியவர் புதுக் கம்பெனி தொடங்கி, தாம் முதன்முதலில் வாக்களித்த ஜனாதிபதியின் பெயரை வைத்தார்: லிங்கன். அது நொடித்துப்போனபோது 1922-இல் 80 லட்சம் டாலருக்கு வாங்கியவர் ஹென்றி ஃபோர்டு. சில மாதங்களிலேயே லீலண்டை வெளியே அனுப்பினார். இருபது ஆண்டு காத்திருந்து தீர்த்த கணக்கோ என்று தோன்றும்.

அளவுகோல் காலம் அத்தோடு மங்கி, அந்தஸ்தின் காலம் தொடங்குகிறது. 1930-இல் 16 சிலிண்டர் எஞ்சினோடு ஒரு காடிலாக் வந்தது. உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்துகொண்டிருந்த நேரம். 1940 வரை செய்தும் ஐயாயிரம் வண்டிகளைத் தொடவில்லை. காடிலாக்கை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. அதைக் காப்பாற்றியவர் நிக்கலஸ் டிரைஸ்டாட் என்ற ஜெர்மானியர், பழுதுபார்ப்புப் பிரிவின் மேலாளர். மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் பதிவு செய்திருக்கும் செய்தி இது: சர்வீஸுக்கு வரும் காடிலாக்குகளில் பலவற்றின் சொந்தக்காரர்கள் கறுப்பின அமெரிக்கர்கள் என்பதை டிரைஸ்டாட் கவனித்தார். குத்துச்சண்டை வீரர்கள், பாடகர்கள், டாக்டர்கள். கறுப்பினத்தவருக்குக் காடிலாக் விற்பதில்லை என்பது அப்போது கம்பெனியின் கொள்கை. ஆகவே அவர்கள் ஒரு வெள்ளைக்காரருக்குக் கைக்கூலி கொடுத்து அவர் பெயரில் வாங்கினார்கள். நல்ல வீடும் நல்ல ஓட்டலும் மறுக்கப்பட்ட ஊரில், காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒரே கௌரவம் அது. அந்த இடைத்தரகர் தின்னும் பணம் நமக்கே வரட்டுமே என்று டிரைஸ்டாட் வாதாடினார், தடை நீங்கியது, விற்பனை நிமிர்ந்தது. 1934-இல் அவரே காடிலாக்கின் தலைவரானார். நீதி உணர்ச்சியால் அல்ல, லாபக் கணக்கால் திறந்த கதவு. 1949-இல் கறுப்பினத்தவரின் 'எபனி' இதழ் தன் இனத்தவர் ஏன் காடிலாக் வாங்குகிறார்கள் என்று தலையங்கமே எழுதியது.

போருக்குப் பிந்தைய காடிலாக் என்றதும் எல்லோர் கண்ணிலும் வருவது பின்பக்கத்து வால்துடுப்புகள். பி-38 போர் விமானத்தைப் பார்த்து மயங்கிய வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் 1948 மாடலில் அவற்றைச் சின்னதாக முளைக்க வைத்தார். 1959-இல் அவை வானைக் குத்தும் உயரத்துக்கு வளர்ந்தன. எல்விஸ் பிரெஸ்லி அம்மாவுக்காக வைத்திருந்த இளஞ்சிவப்புக் காடிலாக் மெம்பிஸில் இன்றும் காட்சிக்கு நிற்கிறது. அந்த அம்மாவுக்கு ஓட்டுநர் உரிமமே கிடையாது. ஆனால் துடுப்புகளைவிட முக்கியமானது 1949 மாடலின் பானெட்டுக்குள் இருந்தது: எடை குறைந்த, வால்வுகள் தலைப்பகுதியில் அமைந்த புது வி-8. 1950-இல் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் இரண்டு காடிலாக்குகளை பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். அதிகம் மாற்றாத சாதாரண கூப்பே பத்தாவதாகவும் மற்றது பதினோராவதாகவும் வந்தன. கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் வண்டி பந்தயத்திலும் தாக்குப்பிடித்தது. அந்தஸ்துக்கு அடியில் அப்போது சரக்கு இருந்தது.

பேக்கார்டு இதற்குள் நலிந்திருந்தது. 1935-லிருந்து மலிவு விலை மாடல்களுக்கும் அதே பெயரை ஒட்டிப் பணம் பார்த்து, பணக்காரர்களைக் காடிலாக் பக்கம் அனுப்பிவைத்த கம்பெனி அது. அந்தப் பாடத்தால் அதிகம் லாபம் அடைந்த காடிலாக்தான் அதை முதலில் மறந்தது.

1973, 1979 எண்ணெய் நெருக்கடிகளும் மைலேஜ் சட்டமும் சேர்ந்து அமெரிக்கப் பெரிய கார்களின் கழுத்தை நெரித்தன. காடிலாக்கில் 8.2 லிட்டர் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த காலம். அவசர அவசரமாக மூன்று மருந்துகள் தேடினார்கள். முதலாவது, ஓல்ட்ஸ்மொபீல் பிரிவு பெட்ரோல் எஞ்சினைத் தழுவிச் செய்த 5.7 லிட்டர் டீசல். டீசலின் அமுக்கம் பெட்ரோலைவிட மிகக் கடுமை. ஆனால் சிலிண்டர் தலையை இறுக்கும் போல்ட்டுகளின் அமைப்பைப் பழைய எஞ்சினில் இருந்தபடியே விட்டார்கள். ஹெட் கேஸ்கட் போனது, டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்க வழியில்லாமல் பம்ப்பும் போனது. இரண்டாவது, 1981-இல் வந்த 8-6-4: வேகம் தேவைப்படாதபோது இரண்டு அல்லது நான்கு சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும். நல்ல யோசனைதான், இன்று பல கம்பெனிகளின் கார்களில் இருக்கிறது. அன்றைய கணினிக்கு அந்த வேகம் இல்லை, வண்டி குலுங்கியது. அந்த அமைப்பின் ஒயரைக் கழற்றிவிடச் சொன்னவர்கள் பலர். மூன்றாவது, 1982-இன் 4.1 லிட்டர் எஞ்சின். அலுமினிய உடலும் இரும்புத் தலையும். சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரியாது. கூலண்ட் கசிந்து எஞ்சின் ஆயிலில் கலந்தது.

இதே 1982 மாடல் ஆண்டில்தான் சிமரான் வந்தது. ஷெவர்லே கவலியர் என்ற சிக்கனக் காருக்குத் தோல் இருக்கையும் சின்னமும் ஒட்டி, ஏறக்குறைய இரட்டிப்பு விலையில், 12,000 டாலர் சுமாருக்கு விற்றார்கள். நான்கு சிலிண்டர், 88 குதிரைத்திறன். காடிலாக்கைக் கவிழ்த்தது சிமரான்தான் என்று வழக்கமாக எழுதுவார்கள். பாவம் அந்தச் சின்ன வண்டி மேல் ஏற்றப்பட்ட பழி அதிகம். ஏழு மாடல் ஆண்டுகளில் விற்றதே சுமார் 1,32,000. சிமரானைப் பார்த்துச் சிரித்தவர்கள் பெரும்பாலும் அதை வாங்காதவர்கள். எஞ்சின்களோ, வாழ்நாள் முழுக்கக் காடிலாக்கே வாங்கிவந்த விசுவாசிகளை நடுரோட்டில் நிறுத்தின. அவர்கள் சிரிக்கவில்லை, பிள்ளைகளை வேறு ஷோரூமுக்கு அனுப்பினார்கள்.

இந்த நோய் விற்பனைப் புள்ளிவிவரத்தில் தெரியவே இல்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் விற்றார்கள், எண்பதுகளின் நடுவிலும் ஏறத்தாழ அதே நிலைதான். தாத்தா சேர்த்த பெயரில் பேரன் கடன் வாங்கிக்கொண்டிருந்தான். மெர்சிடஸ், பிஎம்டபிள்யூ நுழைந்து, 1989-இல் டொயோட்டாவின் லெக்சஸும் வந்தபோதுதான் கடன்காரர்கள் வாசலில் நின்றது தெரிந்தது. இடையில் அலாண்டே என்றொரு கூத்து: உடலை இத்தாலியின் பினின்ஃபாரினா செய்ய, அதை போயிங் 747-இல் ஏற்றி டெட்ராய்ட்டுக்குக் கொண்டுவந்து எஞ்சின் மாட்டினார்கள். ஆரம்பத்தில் அந்த எஞ்சினும் 4.1-இன் வழிவந்ததுதான்.

பிறகு எஸ்கலேட் என்ற பெரிய எஸ்யூவி காப்பாற்றியது. லிங்கன் நேவிகேட்டர் சக்கைபோடு போடுவதைக் கண்டு, ஜிஎம்சி யூகான் டெனாலியைச் சொற்ப மாற்றங்களோடு காடிலாக் ஆக்கி 1998-இல் இறக்கினார்கள். அப்பட்டமான சிமரான் வித்தை. ஆனால் கீழே இருந்த லாரித்தனமான அடித்தளம் உறுதியானது, வாங்கியவர்களும் பருமனைத்தான் விரும்பினார்கள். ராப் பாடகர்களும் கூடைப்பந்து வீரர்களும் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டதும், காடிலாக்குக்கு மறுபடி கறுப்பின அமெரிக்கர்களே கைகொடுத்தார்கள். அடுத்து வந்த சிடிஎஸ் செடான் ஓட்டுவதற்கு உண்மையிலேயே நல்ல கார். அதன் வேக வடிவம் 2008-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் சுற்றை எட்டு நிமிடத்துக்குள் முடித்தது. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், கூட்டம் எஸ்கலேட் பக்கமே நின்றது. சீனாவில் பழைய வடு எதுவும் இல்லை. சில ஆண்டுகள் அமெரிக்காவைவிட அங்கேயே அதிகம் விற்றது.

இப்போது கையால் செய்யும் செலஸ்டிக் என்ற மின்சாரக் காரை மூன்று லட்சம் டாலருக்கு மேல் விலை வைத்து விற்கிறார்கள். 2026 முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் காடிலாக் அணி ஓட அனுமதியும் கிடைத்தது. அணியின் பெயர் காடிலாக், முதல் சில ஆண்டுகளுக்கு எஞ்சின் ஃபெராரியுடையது. சொந்த எஞ்சினுக்கு 2029 என்று நாள் குறித்திருக்கிறார்கள்.