ஒரு திகில் கேமுக்கு ஊர் கூடி மொய் எழுதினால்

கிளென்மார்கனில் பிற்பகல் ஆனதும் பனிமூட்டம் ஏறத் தொடங்கிவிடும். முதலில் நீர்த்தேக்கத்தின் எதிர்க்கரை மறையும், பிறகு தேயிலைச் சரிவு, கடைசியில் நம் செருப்பு நுனி. ஊட்டி – கூடலூர் சாலையிலிருந்து பிரிந்து வந்தால், மேட்டு நிலம் திடீரென்று முடிந்து மலை அறுந்து விழும் இடம் இது. கீழே சுமார் 3,000 அடிப் பள்ளத்தில் சிங்காரா. 1932-ல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின்நிலையம் அங்கேதான் இருக்கிறது. மேலிருந்து தண்ணீரை இறக்கும் இரும்புக் குழாய்களை ஒட்டி ஒரு தண்டவாளம் செங்குத்தாகப் போகிறது. அதில் இரும்புக் கயிறு இழுக்க ஊர்ந்து ஏறி இறங்கும் வண்டிக்கு 'விஞ்ச்' என்று பெயர். மின்வாரியப் பணியாளர்களுக்கானது அது. நாம் வேடிக்கை பார்க்கலாம், அதுவும் அனுமதி கிடைத்தால்.

நீலகிரியில் திகில் கதை என்றால் நம் சினிமாவுக்குத் தெரிந்தது வெள்ளைக்காரன் பங்களாவும் வெள்ளைச் சேலைப் பேயும்தான். ஆனால் இந்த மலைக்குள் அதைவிடப் பெரிய கதைகள் உண்டு. இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தை முதலில் இதே சிங்காரா பாறைக்குள்தான் குடைந்து அமைப்பதாக இருந்தது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி என்பதால் 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுக்க, திட்டம் தேனி மாவட்டத்துக்குப் போனது. ஊட்டியில் உள்ள காஸ்மிக் கதிர் ஆய்வகம், 2014 டிசம்பரில் தலைக்கு மேல் நின்ற ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் கணக்கிட்டுச் சொன்னது. முத்தொரையில் மலைச்சரிவோடு சாய்ந்து கிடக்கிறது அரை கிலோமீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி.

சிங்காராவில் அந்த நியூட்ரினோ ஆய்வகம் கட்டப்பட்டிருந்தால் என்று கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். இரவுப் பணிக்காக விஞ்ச் வண்டியில் நீங்கள் ஒருவராக இறங்குகிறீர்கள். கீழே விளக்குகள் எரிகின்றன, மேசையில் டீ ஆறாமல் இருக்கிறது. ஆள் ஒருவரும் இல்லை. கம்ப்யூட்டர் கேம் ஒன்றின் முதல் காட்சிக்கு இது போதும். கதை கிடைத்துவிட்டது, காசுக்கு எங்கே போவது?

கேம் என்றதும் ஆன்லைன் ரம்மியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது 'அட்வெஞ்சர்' வகை. பந்தயம் கிடையாது, பெரும்பாலும் சண்டையும் கிடையாது. ஒரு நாவலைப் படிப்பதுபோல, ஆனால் நாயகனின் கால்களை நாமே நகர்த்திக்கொண்டு, பூட்டிய கதவைத் திறக்க வழி தேடி, கிழிந்த டைரியைப் படித்து, கதைக்குள் போவது. இதற்கு ஒவ்வொரு அறையையும் யாராவது வரைய வேண்டும், ஒவ்வொரு காலடிக்கும் ஒலி சேர்க்க வேண்டும், நிரல் எழுத வேண்டும். நாலைந்து பேர் இரண்டு மூன்று வருடம் உட்கார வேண்டிய வேலை. வங்கிக்குப் போனால் அடமானம் கேட்கும். பெரிய வெளியீட்டு நிறுவனங்களுக்கு இத்தகைய கேம்கள் சின்னச் சந்தை. மிச்சம் இருப்பது விளையாடப்போகிறவர்களிடமே முன்கூட்டிக் கேட்பது. அதற்குத்தான் கிரவுட் ஃபண்டிங் என்று பெயர்.

புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடி பிறந்தால் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் மொய் விருந்து களைகட்டும். தொழில் தொடங்கவோ கடன் அடைக்கவோ பணம் தேவைப்படுகிறவர் கிடாக்கறி விருந்து வைப்பார், வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். நோட்டில் பெயர், ஊர், தொகை. கிரவுட் ஃபண்டிங்கும் கிட்டத்தட்ட அதுதான், இரண்டு வித்தியாசங்களோடு. மொய் பணமாகத் திரும்பி வர வேண்டும். இங்கே திரும்பி வருவது பணமல்ல, முடிந்த கேம். இரண்டாவது, இந்த வகையில் உலகில் பெயர்பெற்ற கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் விதி: கேட்ட தொகை குறித்த நாளுக்குள் சேரவில்லை என்றால் யாருடைய கணக்கிலிருந்தும் ஒரு பைசா எடுக்கப்படாது. இலக்கை எட்டினால்தான் பந்தி. எட்டினால் தளம் 5 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி.

ஊரிடம் காசு வாங்கிக் கலை செய்வது நமக்குப் புதிதல்ல. ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்கு 1976-ல் குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். கன்னடத்தில் பவன் குமாரின் 'லூசியா'வுக்கு 110 பேர் சேர்ந்து 51 லட்சம் ரூபாய் தந்தார்கள். படம் 2013-ல் வந்தது. கேம் உலகில் கதவைத் திறந்தது அமெரிக்காவின் டபுள் ஃபைன் நிறுவனம். 2012 பிப்ரவரியில் ஓர் அட்வெஞ்சர் கேமுக்காக 4 லட்சம் டாலர் கேட்டார்கள். சேர்ந்தது 33 லட்சம் டாலருக்கு மேல், போட்டவர்கள் 87,000 பேர்.

டபுள் ஃபைனுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. கிளென்மார்கனில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவருக்குப் பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிறிஸ் பிஷோஃப், நிக் பிஷோஃப் என்ற சகோதரர்களின் 'ஸ்டேசிஸ்' அது. நெப்டியூன் கிரகத்துக்கு அருகே மிதக்கும் ஒரு பாழடைந்த விண்கப்பலில், குடும்பத்தைத் தொலைத்துவிட்டு விழித்தெழும் ஒருவனின் கதை. கிறிஸ் 2010 வாக்கில் இதைத் தனியாளாக, ஓய்வு நேரத்தில் தொடங்கினார். உடனே உண்டியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லை. மூன்று வருடம் வரைந்து, காட்டி, திருத்தி, 2013 இறுதியில்தான் கிக்ஸ்டார்ட்டருக்கு வந்தார். கேட்டது 1 லட்சம் டாலர், கிடைத்தது 1.32 லட்சம். 2015 ஆகஸ்டில் கேம் வெளியானது. அந்தக் காசில் ஒரு ஸ்டுடியோவே நிலைத்துவிட்டது: 2017-ல் அதே உலகத்தில் நடக்கும் ஒரு சிறு கேமை இலவசமாகவே கொடுத்தார்கள், 2023-ல் அடுத்த பாகமும் வந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது தொகை அல்ல, வரிசை. முதலில் வேலை, பிறகு காசு. பணம் கேட்ட அன்று அவர்களிடம் காட்டுவதற்கு அறைகள் இருந்தன, இருட்டு இருந்தது, சத்தம் இருந்தது. திகில் கேமை வாயால் விற்க முடியாது. 'பயங்கரமாக இருக்கும்' என்று பத்துப் பக்கம் எழுதினாலும் யாரும் பயப்பட மாட்டார்கள். கால் மணி நேரம் விளையாடக் கூடிய டெமோ ஒன்று, ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாடும்போது ஒரே ஒரு முறை திரும்பிப் பார்க்க வைத்தால் போதும், அந்த ஆள் பர்ஸை எடுப்பார். இதற்குப் பெரிய செலவும் கிடையாது. அந்தி நேரத்தில் சோலைக்குள் கடமான் ஒருமுறை அலறுவதைக் கேட்டிருக்கிறீர்களா? தண்ணீர்க் குழாயில் காதை வைத்தால் வரும் உறுமலை? ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் இருந்தால் கிளென்மார்கனே இலவச ஸ்டுடியோ.

இலக்கை எட்டிவிட்டால் கேம் கைக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். செர்பியாவின் எப் சாஃப்ட்வேர் தயாரித்த 'ஸ்கார்ன்' 2014-ல் கிக்ஸ்டார்ட்டரில் தோற்று, 2017-ல் இரண்டாம் முறை முயன்று 1.5 லட்சம் யூரோ இலக்கைத் தாண்டியது. கேம் வந்தது 2022 அக்டோபரில். இடையில் தகவலே இல்லையே என்று பணம் போட்டவர்கள் கேட்க, நிறுவனத் தலைவர் எரிந்து விழுந்து பதில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார். பழைய விண்வெளித் திகில் கேமான 'சிஸ்டம் ஷாக்'கை மறுபடி உருவாக்க 2016-ல் 13 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய நைட்டைவ், 2018-ல் வேலையை நிறுத்திவைத்து, முதலில் இருந்து தொடங்கி, 2023 மே மாதம்தான் வெளியிட்டது. ஏழு வருடம்! தாமதம் இந்தத் தொழிலின் கூடப்பிறந்தது. கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களைப் பெரிய அளவில் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஈதன் மோலிக், வாக்களித்த பொருளைக் கடைசிவரை கொடுக்காமல் விட்டவை சுமார் 9 சதவீதம் என்று 2015-ல் கணக்கிட்டார். பதினொன்றில் ஒன்று. நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனிகளின் சரித்திரத்தோடு ஒப்பிட்டால் மோசம் என்று சொல்ல மாட்டேன்.

இந்தியாவில் என்ன நிலை? கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே வெளிநாட்டில் கூட்டாளி ஒருவர் வேண்டும். அப்படியும் சிலர் முயன்றிருக்கிறார்கள். பண்டைய இந்தியாவை நினைவூட்டும் ஒரு கற்பனை நகரத்தில் நடக்கும் 'அன்ரெஸ்ட்' கேமுக்காக பைரோடாக்டில் 2013-ல் வெறும் 3,000 டாலர் கேட்டது. வந்தது அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். மறு வருடமே கேமும் வந்துவிட்டது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் ஸ்டுடியோ 2017-ல் 'ராஜி' என்ற கேமுக்குப் பெரிய தொகை கேட்டது, இலக்கை எட்டவில்லை. நிறுவனர்களில் ஒருவர் வீட்டை விற்றுத்தான் வேலை தொடர்ந்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். பிறகு வெளிநாட்டு வெளியீட்டாளர் கிடைத்து, 2020-ல் வெளியாகி, அந்த ஆண்டின் 'கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த அறிமுக கேம் பிரிவில் பரிந்துரை வரை போனது. எதற்காக இதைச் சொல்கிறேன் என்றால், கூட்டம் கைவிட்டதாலேயே ஒரு கேம் மோசம் ஆகிவிடாது. ஆனால் அந்த வீடு திரும்பி வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

சட்டம் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கேமை முன்கூட்டி விற்பது வேறு, லாபத்தில் பங்கு தருகிறேன் என்பது வேறு. பொதுமக்களிடம் இணையத்தில் பங்கு விற்றுப் பணம் திரட்டுவது பற்றி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2014-ல் கருத்துக் கேட்பு அறிக்கை வெளியிட்டது. அது விதிமுறையாக மாறவில்லை. 2016-ல் அதே செபி, அனுமதியற்ற இணையதளங்களை நம்ப வேண்டாம் என்று எச்சரிக்கையே விட்டது. 2013 கம்பெனிச் சட்டப்படி தனிப்பட்ட முறையில் பங்கு தருவதென்றாலும் ஒரு நிதியாண்டில் 200 பேரைத் தாண்டக் கூடாது. ஈமு கோழியில் போட்ட பணத்துக்காகப் பெருந்துறையில் வரிசையில் நின்ற மாநிலம் இது. 'ஆயிரம் போட்டால் ஐயாயிரம்' என்று எந்த கேம்காரராவது சொன்னால் அவர் கேம் செய்யவில்லை, உங்களை வைத்து விளையாடுகிறார்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் சிங்காரா கேமுக்கு 15 லட்சம் ரூபாய் கேட்கிறோம், முழுவதும் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். தளத்துக்கு 5 சதவீதம், 75,000. பணப் பரிமாற்றத்துக்குச் சுமாராக 4 சதவீதம், 60,000. டீ-சர்ட், ஓவியப் புத்தகம், தபால் செலவு என்று பரிசுகளுக்கு 10 சதவீதம், ஒன்றரை லட்சம். மிச்சம் 12,15,000. மூன்று பேர் ஒன்றரை வருடம் உழைத்தால் ஆளுக்கு மாதம் 22,500 ரூபாய். வரி, கம்ப்யூட்டர், மென்பொருள், பின்னணிக் குரல் எதுவும் இதில் இல்லை. ஜிஎஸ்டிக்கு ஆடிட்டரைப் பார்க்கும் செலவும் இல்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. மின்நிலையத்துக்குத் தண்ணீர் அனுப்பும் ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேம் முடிந்து, கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் விற்றால் அங்கே 30 சதவீதம் போகும். ஆக, 15 லட்சம் என்பது கேமின் விலை அல்ல, தொடங்கிவைக்கும் விலை. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் குறைத்துக் கேட்பவர்கள்தான் பாதி வழியில் நின்றுபோகிறார்கள். பரிசுகளை அள்ளி வீசுபவர்களும் அப்படியே. கேம் செய்ய வந்தவர் டீ-சர்ட் மடித்துக்கொண்டிருந்தால் கேமை யார் செய்வது?

தமிழில் செய்தால் யார் வாங்குவார்கள் என்ற கேள்வி இப்போது பழையதாகிவிட்டது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கும் 'வெண்பா', டொராண்டோவில் உருவாகி 2023-ல் வந்தது. மறு வருடம் சுயாதீன கேம் விழாவின் முதல் பரிசையும் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதையும் வாங்கியது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று உலகம் விளையாடிக் கற்றுக்கொண்டது. விஞ்ச் வண்டியின் பிரேக்கை எப்படிப் பிடிப்பது என்றும் கற்றுக்கொள்ளும். ஒரே ஒரு வேண்டுகோள்: மலையில் வாழும் தோடரையோ இருளரையோ மாந்திரீகப் பொம்மைகளாக்கி அந்த ஆய்வகத்துக்குள் விடாதீர்கள். அந்தச் சோம்பேறித்தனத்தைச் சினிமா ஏற்கெனவே போதுமான அளவு செய்துவிட்டது.

காசு போடுகிறவருக்குக் கிடைப்பது என்ன? கேம், சொன்ன தேதியிலிருந்து ஒரு வருடம் தள்ளி. கூடவே இன்னொன்றும் கிடைக்கும். இத்தகைய பல கேம்களின் முடிவில், பணம் போட்டவர்களின் பெயர்கள் திரையில் வரிசையாக ஏறும், மொய் நோட்டைப் புரட்டுவதுபோல. ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவே தன் பெயருக்காகக் காத்திருந்து, அது வரும் நொடியில் படம் பிடித்து வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

அப்படியொரு வரிசையில் உங்கள் பெயரும் ஏற வேண்டும் என்று தோன்றினால், பணம் அனுப்பும் முன் டெமோவைத் தரவிறக்கி, விளக்கை அணைத்துவிட்டு, ஒருமுறை விளையாடிப் பாருங்கள். டெமோ இல்லை, வீடியோ மட்டும்தான் இருக்கிறது என்றால், கேம் வெளியான பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.