வீட்டில் நாய் இருந்தால் திருடன் வர மாட்டானா? குரைத்தால் மட்டும் போதாது.. எழுந்து பார்க்க ஆளும் வேண்டும்!

பூட்டை உடைத்து 10 பவுன் நகை அபேஸ்.. பீரோவை நெம்பித் திறந்து ரொக்கம் கொள்ளை.. ஜன்னல் கம்பியை வளைத்து மர்ம ஆசாமிகள் கைவரிசை.. இந்த மாதிரி செய்தி வராத நாளே கிடையாது. இதைப் படித்து விட்டு பல வீடுகளில் அன்று ராத்திரியே ஒரு பேச்சு கிளம்பும். "பேசாம ஒரு நாய் வாங்கி கட்டிடலாமா?"

நாய் இருந்தால் திருடன் வர மாட்டான் என்பது காலம் காலமாக இருந்து வரும் நம்பிக்கை. இது எந்த அளவுக்கு உண்மை? சிறுகச் சிறுக சேர்த்த நகைக்கும் பணத்துக்கும் நாய் காவலாக இருக்குமா? இல்லை, சோறு போட்டதுதான் மிச்சமா?

திருடர்களிடமே கேட்டார்கள்

திருடன் எதற்கு பயப்படுவான் என்பது திருடனுக்குத்தானே தெரியும்? அமெரிக்காவில் அவர்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாக ஆராய்ச்சியாளர்கள், 3 மாநில ஜெயில்களில் இருந்த 422 கொள்ளையர்களிடம் விவரம் சேகரித்து 2012-ம் ஆண்டு அறிக்கை தயாரித்தனர். எல்லோரும் வீடு புகுந்து திருடி மாட்டியவர்கள்.

வீட்டை நோட்டம் விடும்போது எதை எல்லாம் பார்ப்பீர்கள் என்று கேட்டதற்கு, பெரும்பாலானவர்கள் சொன்ன பட்டியலில் அலாரம், கேமரா, வீட்டுக்குள் ஆள் இருப்பது, போலீஸ் நடமாட்டம் இவற்றோடு நாயும் இருந்தது.

2017-ம் ஆண்டு இங்கிலாந்தில் 12 முன்னாள் குற்றவாளிகளிடம் இதே மாதிரி விசாரித்தார்கள். அவர்களை விரட்டும் விஷயங்களில் முதல் இடம் கண்காணிப்பு கேமராவுக்கு. அடுத்த இடம் நாய் குரைக்கும் சத்தத்துக்கு. கனமான கதவு, பூட்டிய ஜன்னல் எல்லாம் அதற்கு கீழேதான்.

2022-ம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநில பல்கலைக்கழகம் ஒரு ஆய்வு வெளியிட்டது. கொலம்பஸ் நகரில் நாய் வளர்ப்பவர்கள் அதிகம் உள்ள தெருக்களில் வீடு புகுந்து திருடுவது போன்ற குற்றங்கள் குறைவாக இருந்தன. அக்கம்பக்கத்தினர் ஒருவரை ஒருவர் நம்பி பழகும் தெருக்களாகவும் இருந்து விட்டால், வழிப்பறி, கொலை கூட குறைவாக இருந்தது. நாயை நடக்க கூட்டிப் போகிறவர்கள் காலையிலும் மாலையிலும் தெருவை பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், புது ஆள் சுற்றினால் கண்ணில் பட்டு விடும் என்று ஆய்வாளர்கள் காரணம் சொன்னார்கள்.

ஆக, நாய் இருந்தால் பலன் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது என்ன மாதிரி பலன் என்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

கடிக்க வேண்டாம், குரைத்தால் போதும்

திருடனுக்கு 2 விஷயம் வேண்டும். ஒன்று, சத்தம் கேட்கக் கூடாது. இன்னொன்று, யாரும் பார்க்கக் கூடாது. நாய் குரைத்தால் இரண்டுமே கெட்டது.

மனுஷன் காது நொடிக்கு 20 ஆயிரம் அதிர்வுகள் வரைதான் கேட்கும். நாய் காது 40 ஆயிரத்தையும் தாண்டி கேட்கும். கேட்டில் கை வைக்கும் சின்ன சத்தம், சுவர் ஏறும்போது கல் உரசுவது, சந்தில் செருப்பு இல்லாமல் நடப்பது.. நமக்கு கேட்காதது அதற்கு கேட்டு விடும். மோப்ப சக்தியை சொல்லவே வேண்டாம்.

அதனால் ஆளை கடித்துக் குதறும் பெரிய ஜாதி நாய்தான் வேண்டும் என்பது இல்லை. கீச்சுக் குரலில் விடாமல் கத்தும் பொமரேனியன் கூட இந்த வேலைக்கு போதும். புது ஆளைக் கண்டாலும் வாலை ஆட்டிக்கொண்டு போய் நக்கும் லேப்ரடார் பார்க்க பெரிசாக இருந்தாலும், காவல் விஷயத்தில் அதை நம்ப முடியாது. குரைக்கிற நாய் கடிக்காது என்று பழமொழி சொல்வார்கள். திருட்டு விஷயத்தில் குரைக்கிற நாய்தான் காவல்காரன்.

இதை புரிந்து கொண்டால் மீதி விஷயம் தன்னால் புரியும். நாய் என்பது பூட்டு அல்ல. அது ஒரு மணி. மணி அடிக்கும்போது எழுந்து பார்க்க ஆள் வேண்டும்.

நாய் எப்போது ஏமாறும்?

* வீடே பூட்டிக் கிடக்கும்போது: பெரும்பாலும் திருட்டு நடப்பது பூட்டிய வீட்டில்தான். தீபாவளி, பொங்கலுக்கு சொந்த ஊர் போகும்போது நாயை கூடவே கூட்டிப் போவார்கள். இல்லை, தெரிந்தவர் வீட்டில் விடுவார்கள். எந்த நாளுக்காக நாய் வாங்கினார்களோ அந்த நாளில் நாய் வீட்டில் இருப்பது இல்லை. அப்படியே கட்டிப் போட்டு விட்டு போனாலும், சோறு தண்ணி இல்லாமல் நாள் முழுக்க கத்தும் நாயை பக்கத்து வீட்டில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

* தெரிந்த ஆள் வந்தால்: பல திருட்டில் கடைசியில் மாட்டுவது ஏற்கனவே வீட்டுக்கு வந்து போனவர்கள்தான். வேலைக்கு வந்தவர், பெயிண்ட் அடிக்க வந்தவர், உறவுக்காரர். இவர்களை பார்த்தால் நாய் குரைக்காது. வாலைத்தான் ஆட்டும்.

* கறித்துண்டு போட்டால்: நாலு நாள் தெருவில் நோட்டம் விட்டு, பிஸ்கட் போட்டு பழக்கம் பண்ணிக் கொள்ளும் பலே ஆசாமிகள் உண்டு. இறைச்சியில் மயக்க மருந்தோ விஷமோ கலந்து வீசுகிறவர்களும் உண்டு. காலையில் நாய் நுரை தள்ளி கிடந்தால் அது தற்செயல் என்று விட்டு விடக்கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும். அன்று ராத்திரி வீட்டில் உஷாராகவும் இருக்க வேண்டும்.

* எதற்கெடுத்தாலும் குரைத்தால்: பூனை போனாலும், ஆட்டோ போனாலும் விடிய விடிய குரைக்கும் நாய் நிஜமாகவே திருடன் வரும்போது குரைத்தால் யார் எழுந்திருப்பார்கள்? "சனியன், தூங்க விடுதா பார்" என்று திட்டி விட்டு போர்வையை இழுத்து மூடுவார்கள்.

* வெடி சத்தத்தில்: தீபாவளி நேரத்தில் பட்டாசு சத்தத்துக்கு பயந்து கட்டிலுக்கு அடியில் பதுங்கும் நாய்கள் ஏராளம். அந்த சமயத்தில் அதை நம்பி பயன் இல்லை.

* ஆயுதத்தோடு வரும் கும்பல்: வீட்டில் ஆள் இருப்பது தெரிந்தே கதவை உடைத்து வரும் கும்பலை நாயால் தடுக்க முடியாது. 2005-ம் ஆண்டு கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் அவரது வீட்டிலேயே பவாரியா கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டது தமிழகத்தையே உலுக்கியது. துப்பாக்கியோடு வருகிறவர்களுக்கு நாய் ஒரு பொருட்டே இல்லை.

கழுதையும் நாயும்

சலவைத் தொழிலாளி வீட்டு கழுதையும் நாயும் கதை எல்லோருக்கும் தெரியும். ராத்திரி திருடன் வந்ததை நாய் பார்த்தது. ஆனால் ஒழுங்காக சோறு போடாத எஜமானுக்காக ஏன் குரைக்க வேண்டும் என்று சும்மா படுத்துக் கொண்டது. கழுதை கத்தி அடி வாங்கியது. கதை பழசு, விஷயம் இன்றைக்கும் பொருந்தும்.

பழைய சோற்றை வீசி, பகல் முழுக்க குட்டையான சங்கிலியில் கட்டி, அடித்து வளர்க்கும் நாய் காவலுக்கு ஆகாது. அதற்கு கோபம்தான் ஏறும். சங்கிலி அறுந்தால் திருடனை விட்டு விட்டு, பந்து எடுக்க வந்த பக்கத்து வீட்டு குழந்தையை கடித்து வைக்கும். பகலில் ஓய்வு, காலை மாலை நடை, நேரத்துக்கு சாப்பாடு, ராத்திரி காம்பவுண்டுக்குள் அவிழ்த்து விடுவது என்று பழக்க வேண்டும். வெளியாட்கள் கொடுப்பதை சாப்பிடக் கூடாது என்று குட்டியில் இருந்தே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எந்த நாய் வாங்கலாம்?

நம்ம ஊர் நாய்களே நல்ல காவல்காரர்கள்தான். விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம், சிப்பிப்பாறை, தேனி மாவட்டத்து கோம்பை, தென்மாவட்டங்களின் கன்னி.. எல்லாமே பேர் வாங்கியவை. 2005-ம் ஆண்டு தபால் துறை 4 இந்திய நாய் இனங்களுக்கு தபால் தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இடம் பெற்றது குறிப்பிடத்தக்கது.

ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கு ஓடும் ஜாதி. ஒரே ரூம் வாடகை வீட்டில் அடைத்து வைத்தால் அதற்கும் கஷ்டம், வீட்டுக்காரருக்கும் கஷ்டம். தோட்டம், தோப்பு, ஆட்டுப்பட்டி இருப்பவர்களுக்கு சரி.

ராஜபாளையம் வாங்கும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். பால் வெள்ளை குட்டிகளில் சிலவற்றுக்கு பிறவியிலேயே காது கேட்காது. குட்டிக்கு பின்னால் நின்று, அது பார்க்காத நேரத்தில் கை தட்டிப் பார்க்க வேண்டும். திரும்பாத குட்டியை காவலுக்கு வாங்கி என்ன பண்ணுவது?

லைன் வீடுகளில் இருப்பவர்கள் பலர் தனியாக நாய் வளர்ப்பது இல்லை. தெரு நாய்க்கு சோறு போட்டு வைத்திருப்பார்கள். புது ஆள் வந்தால் தெருவே அதிரும்படி அது குரைக்கும். ஆனால் தெரு நாய்க்கு கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 ஆகஸ்டு 22-ந்தேதி உத்தரவிட்டது. தடுப்பூசி போடாத தெரு நாய் திருடனை விட பெரிய ஆபத்து என்பதையும் மறக்கக் கூடாது.

வளர்ப்பவர் பொறுப்பு

காவலுக்கு வாங்கிய நாய் கோர்ட்டு வாசலுக்கும் கொண்டு போய் விடும். 2024-ம் ஆண்டு மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சி பூங்காவில் 2 ராட்வீலர் நாய்கள் 5 வயது சிறுமியை கடித்துக் குதறிய சம்பவம் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது.

வளர்க்கும் மிருகத்தை சரியாக அடக்கி வைக்காமல் மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாக்கினால், பாரதிய நியாய சன்ஹிதா சட்டம் 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை ஜெயிலோ, 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். அதே சட்டத்தின் 325-வது பிரிவு, விஷம் வைத்து நாயை கொல்கிறவனுக்கு 5 வருஷம் வரை ஜெயில் என்கிறது. அதனால் நாயை விஷம் வைத்து கொன்றால் "நாய்தானே" என்று விடாமல் போலீசில் புகார் கொடுக்கலாம்.

சென்னையில் வீட்டு நாய்க்கு மாநகராட்சி லைசென்ஸ் கட்டாயம். வெறிநாய் தடுப்பூசி வருஷா வருஷம் போட வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிய ஆரம்பித்து விட்டால் பிழைப்பது அநேகமாக நடக்காத காரியம். நாய் கடித்தால் உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி விட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு போய் ஊசி போட வேண்டும்.

குரைத்தால் என்ன செய்வது?

இதுதான் முக்கியம். நள்ளிரவில் நாய் வழக்கத்துக்கு மாறாக ஒரே பக்கம் பார்த்து விடாமல் குரைத்தால், கதவை திறந்து கொண்டு தனியாக வெளியே ஓடக்கூடாது. வெளியே எத்தனை பேர், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. முதலில் எல்லா லைட்டையும் போட வேண்டும். வீட்டில் உள்ளவர்களை எழுப்பி சத்தம் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்கு போன் பண்ண வேண்டும். 100 அல்லது 112-க்கு போன் செய்தால் போலீசார் வருவார்கள். திருடனை பிடிப்பது போலீஸ் வேலை. அவனை ஓட வைத்தாலே வீட்டுக்காரருக்கு ஜெயம்தான்.

குரைத்து திடீரென்று நின்று போனாலும் சந்தேகப்பட வேண்டும். கறித்துண்டு விழுந்திருக்கலாம்.

ஊருக்கு போகும்போது நாயை மட்டும் நம்பாமல், பக்கத்து போலீஸ் நிலையத்தில் சொல்லி விட்டு போனால் ரோந்து போலீசார் வீட்டை பார்த்துக் கொள்வார்கள். நகையை பேங்க் லாக்கரில் வைக்கலாம். கதவு சாவியை பூந்தொட்டிக்கு அடியிலும், மீட்டர் பெட்டியிலும் வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். "நாய்கள் ஜாக்கிரதை" போர்டு மட்டும் மாட்டி ஏமாற்றலாம் என்றால் அது ரொம்ப நாள் செல்லாது. 2 நாள் நோட்டம் விட்டாலே உள்ளே நாய் இல்லை என்பது தெரிந்து விடும்.

நாய் 10 வருஷத்துக்கு மேல் வாழும். திருட்டு பயத்தில் அவசரப்பட்டு வாங்கி, பயம் போனதும் தெருவில் விட்டால், நாளைக்கு அந்தத் தெரு பிள்ளைகளைத்தான் அது கடிக்கும். வேளா வேளைக்கு சோறும், வருஷா வருஷம் ஊசியும், ராத்திரி குரைத்தால் எழுந்து பார்க்க ஒரு ஆளும் உள்ள வீட்டுக்கு மட்டுமே நாய் நல்ல காவல்.