விளக்கு பேசும் மொழி

கலைக் கல்லூரியில் வரலாறு பயிலும் மாணவன் கையில் மின்தடையும் கம்பியும் எதற்கு? சென்ற ஆண்டு முழுவதும் நண்பர்கள் என்னைக் கேட்ட கேள்வி இது. மின்னணுவியல் பொறியியல் மாணவர்க்கே உரியது, நமக்கு உரியவை ஏடும் எழுதுகோலுமே என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடசென்னையில் வளர்ந்தோர்க்கு மின்னால் கலை செய்வது புதிதன்று. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் மாசிப் பெருவிழா முதல் நம் தெரு அம்மன் கோயில்களின் ஆடித் திருவிழா வரை, மின்விளக்குகளால் ஆன உருவங்களைக் கண்டு களித்திருக்கிறோம். சக்கரம் சுழலும், மயில் தோகை விரிக்கும். விளக்குகள் உண்மையில் நகர்வதில்லை. ஒன்று அணைந்து அடுத்தது எரிய, நம் கண் அதனை ஓட்டமாகக் கொள்கிறது. பழைய அலங்காரங்களில் இவ்வேலையைச் செய்தது ஒரு சிறு மோட்டார் சுழற்றும் உருளை. அதன்மேல் உலோகத் தகடுகள் பதிந்திருக்கும். தகடு மின்தொடுப்பில் உரசும்பொழுது ஒரு வரிசை எரியும், விலகினால் அணையும். தகட்டின் நீளம் எரியும் நேரத்தையும், தகட்டின் இடம் எரியும் முறையையும் குறித்தன. கணிப்பொறியாளர் 'நிரல்' என்பதும் இதுதானே! பின்னாளில் உருளையின் இடத்தை ஐ.சி. சில்லுகள் பிடித்துக்கொண்டன. கருத்து மட்டும் மாறவில்லை.

உலக அரங்கிலும் இவ்விணைப்பு பழையதே. 1966-இல் நியூயார்க் நகரில் 10 கலைஞர்களும் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சுமார் 30 பொறியாளர்களும் கூடி ஒன்பது மாலைகள் கலைநிகழ்ச்சி நடத்தினர். அவர்களுள் ஒருவரான இசைக்கலைஞர் டேவிட் டியூடர் 1969-இல் அகமதாபாத் வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 'மூக்' என்னும் மின்னணு இசைக்கருவியைக் கொண்டு ஒரு கூடம் அமைத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய் முதலியோர் அங்கே இசை படைத்தனர். 1969 முதல் 1972 வரை பதிவான அந்நாடாக்கள் பல்லாண்டுகள் காப்பகத்தில் உறங்கிக் கிடந்து, 2023-இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. நம் நாட்டுக் கலைஞர் அரை நூற்றாண்டுக்கு முன்பே இத்துறையில் கால் வைத்துவிட்டனர் என்பது நமக்குப் பெருமையன்றோ?

ஆயினும் 'மூக்' போன்ற கருவியை அன்று ஒரு மாணவன் வாங்கியிருக்க இயலாது. அந்நிலை மாறியதற்கும் ஒரு மாணவரே காரணம். இத்தாலியின் இவ்ரியா நகர வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் பயின்ற கொலம்பிய நாட்டு எர்னாண்டோ பார்ரகன், 2003-இல் தம் ஆய்வேட்டுக்காக 'வயரிங்' என்ற எளிய மின்பலகையைத் தொடங்கினார். அவ்வழியில் 2005-இல் மாசிமோ பான்சியும் தோழர்களும் 'ஆர்டுயினோ' பலகையை உருவாக்கினர். அதன் வரைபடம் எல்லார்க்கும் பொது. எவரும் செய்து விற்கலாம். ஆகவேதான் அண்ணா சாலையை ஒட்டிய நம் ரிச்சி தெருவிலும் அது மலிவாகக் கிடைக்கிறது.

இதன் இயக்கத்தை மூன்று சொற்களில் அடக்கலாம்: உணர்தல், முடிவு செய்தல், செயற்படுதல். உணரி என்னும் சென்சார், ஒளியையோ வெப்பத்தையோ மின்னழுத்தமாக மாற்றித் தரும். பலகை, 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள அவ்வழுத்தத்தை 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாகப் படிக்கும். நாம் எழுதிய நிரலின்படி அது ஒரு முடிவுக்கு வந்து, விளக்கையோ மோட்டாரையோ இயக்கும். தொடக்கப் பாடம் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு. 5 வோல்ட்டில் ஏறத்தாழ 2 வோல்ட்டை விளக்கு எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 3 வோல்ட்டை 220 ஓம் மின்தடை ஏற்றால், ஓடும் மின்னோட்டம் சுமார் 14 மில்லி ஆம்பியர், விளக்குக்குக் கேடில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்த ஓம் விதி அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது. கற்பவர் 5 வோல்ட்டோடு நிற்க வேண்டும். வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தைத் தொடுவது கூடாது.

கருவி கைவந்தபின் எழும் கேள்வி, அதைக்கொண்டு எதைச் சொல்வது என்பதே. எங்கள் பகுதிக்கு அதற்குப் பஞ்சமில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். கண்ணுக்குத் தெரியாத காற்றைக் கண்ணுக்குக் காட்ட முடியுமா என்று நானும் இரு நண்பர்களும் எண்ணினோம். மீன்வலையும் தாளும் கொண்டு ஒரு கூண்டுவிளக்கு செய்து, உள்ளே எம்.க்யூ. 135 என்னும் வாயு உணரியை வைத்தோம். அதிலுள்ள வெள்ளீய ஆக்சைடு படலம் சூடேறிய நிலையில் சில வாயுக்கள் பட்டால் அதன் மின்தடை குறையும். அதற்கேற்ப எங்கள் விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும்.

கல்லூரிக் கண்காட்சிக்கு வந்த முதிய மீனவப் பெண்மணி ஒருவர், "தம்பி, காத்து கெட்டுப்போனா இது எங்கள எழுப்புமா?" என்று கேட்டார். "இல்ல ஆயா, இது அதுக்கான கருவி இல்ல" என்றேன். அந்த உணரிக்கு அமோனியாவும் ஒன்றுதான், புகையும் ஒன்றுதான், சாராய ஆவியும் ஒன்றுதான், எதுவென்று பிரித்தறியாது. உயிர்காக்கும் எச்சரிக்கைக் கருவிக்குத் துல்லியமான அளவீடும் இடையறாத கண்காணிப்பும் தேவை. "இது கலைப்பொருள், எச்சரிக்கைக் கருவியன்று" என்று விளக்கின் அடியிலேயே எழுதி வைத்திருந்தோம். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. அதைப் பலரும் கேட்கும்படி செய்வதே அவ்விளக்கின் பணி. விடை தரவேண்டியவர் வேறு.

மின்னணுவியலை நாம் கற்க வேண்டிய காரணமும் இங்கேதான் இருக்கிறது. எண்ணூரின் காற்றையும், காசிமேட்டின் அலையையும், இராயபுரத்தின் பழைய இரயில் நிலையத்தையும் பற்றிச் சொல்ல வேண்டியவற்றை அறிந்தவர்கள் நாம். வாரத்தில் ஒரு மாலை இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் கதவு நமக்குத் திறக்குமாயின், தமிழ் மாணவர் சொல்லையும், வரலாற்று மாணவர் ஊரின் கதையையும், இயற்பியல் மாணவர் ஓம் விதியையும் கொண்டு வரலாம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன். தோழர்களே, ஒரு சிவப்பு விளக்கை எரியவைத்துத் தொடங்குங்கள்!