பத்து வரி எழுதினால் அறுநூறு துளி மழை!

பாட வேண்டுமானால் தொண்டை வேண்டும். வீணை வாசிக்க விரல் வேண்டும். தொண்டையும் விரலும் இல்லாமல் ஓசை பிறக்குமா?

பிறக்கும்! வெறும் எண்களை எழுதிக் கொடுத்தால் போதும். கம்ப்யூட்டர் அவற்றை ஓசையாக்கித் தந்துவிடும்.

"எண்களா? கணக்கு என்றாலே எனக்குக் காய்ச்சல் வருமே!" என்று பயப்படாதீர்கள். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் ஆரம்பித்துவிடலாம். எனக்கும் அதற்கு மேல் அதிகம் தெரியாது.

17 விநாடிப் பாட்டு

1957-ம் ஆண்டு. அமெரிக்காவில், நியூஜெர்சியில் உள்ள பெல் ஆராய்ச்சிக்கூடம். டெலிபோன் சம்பந்தமான ஆராய்ச்சிகள் நடந்த இடம் அது. அங்கே மாக்ஸ் மாத்யூஸ் என்ற என்ஜினீயர் வேலை பார்த்தார். அவருக்குப் பிடில் வாசிக்கவும் தெரியும். பேச்சை எண்களாக மாற்ற முடிகிறது. அப்படியானால் எண்களைப் பாட்டாக மாற்றினால் என்ன? அதற்கு ஒரு புரோகிராம் எழுதினார்.

கம்ப்யூட்டரோ நியூயார்க் நகரத்தில் இருந்தது. துளை போட்ட அட்டைகளை அங்கே கொண்டு போக வேண்டும். கம்ப்யூட்டர் தரும் நாடாவைத் திரும்பக் கொண்டு வந்து ஓசையாக்க வேண்டும். இத்தனை பாடுபட்டுக் கிடைத்தது 17 விநாடிப் பாட்டு. அதை இயற்றியவர் அவருடைய சகா நியூமன் கட்மன்.

அதே காலத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லர், ஐசக்சன் என்ற இருவர் நேர் எதிரான வேலையைச் செய்தார்கள். அங்கே பாட்டுக்கு ஸ்வரங்களைப் பொறுக்கித் தந்தது கம்ப்யூட்டர். வாசித்தவர்கள் நான்கு மனிதர்கள்!

இன்று அந்த இரண்டு வேலைகளையும் வீட்டு மேஜை மேலேயே செய்யலாம். அதற்கு உதவும் புரோகிராம்களில் ஒன்று 'சி-சவுண்ட்'. நியூசிலாந்தில் பிறந்த பாரி வெர்கோ என்ற பேராசிரியர், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1986-ம் ஆண்டு இதை உருவாக்கினார். காசு கொடுக்க வேண்டாம். இலவசம்.

இரண்டு பைல்கள்

சி-சவுண்டுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். வாத்தியம் எப்படிப்பட்டது என்பது ஒரு பைல். அது எப்போது, எதை வாசிக்க வேண்டும் என்பது இன்னொரு பைல்.

இரண்டாவது பைலில் ஒரு வரி எப்படி இருக்கும்? முதலில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து. அதை அடுத்து ஐந்து எண்கள்: 1, 0, 2, 0.3, 440. அவ்வளவுதான். முதலாம் வாத்தியமே, 0-வது விநாடியில் ஆரம்பி, 2 விநாடி வாசி, சத்தம் 0.3 இருக்கட்டும், விநாடிக்கு 440 தடவை அதிரட்டும் என்று அர்த்தம்.

அதிர்வு கூடினால் ஸ்வரம் உயரும். கீழ் 'ஸ' 240 என்றால், மேல் 'ஸ' 480. நடுவில் உள்ள 'ப' 360. பாட்டு வாத்தியாரின் காதுக்குத் தெரிந்த கணக்குதான் இது!

கையால் எழுதிய மழை

நான் ஒரு மழையைச் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். ஒரு துளிக்கு ஒரு வரி. உட்கார்ந்து 40 வரி எழுதினேன். ஓர் இடத்தில் 2.3 என்பதற்குப் பதில் 23 என்று எழுதிவிட்டேன். மழை நின்று வெகு நேரம் கழித்து, ஒற்றைத் துளி ஒன்று 'டொக்' என்று விழுந்தது!

நல்ல மழைக்கு 600 துளியாவது வேண்டும். 600 வரியைக் கையால் எழுத யாரால் முடியும்? அந்த எழுத்து வேலையையும் கம்ப்யூட்டரிடமே கொடுத்துவிடலாம்.

அதற்கு 'பைத்தான்' என்ற புரோகிராம் மொழி உதவும். அதில் நான் எழுதியது பத்து வரி. அதன் சாரம் இதுதான்: ஒரு பைலைத் திற. 600 தடவை இதைச் செய்: 0-க்கும் 20-க்கும் நடுவே குருட்டாம்போக்கில் ஒரு நேரத்தை எடு. 1000-க்கும் 4000-க்கும் நடுவே ஓர் அதிர்வை எடு. இரண்டையும் சேர்த்து ஒரு வரியாக பைலில் எழுது. முடிந்ததும் பைலை மூடு.

திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வதற்கு 'பார்' என்று ஓர் ஆங்கிலச் சொல். குருட்டாம்போக்குக்கு 'ராண்டம்' என்று ஒரு சொல். துளிகளின் நேரம் முன்பின்னாக இருந்தாலும் பாதகமில்லை. சி-சவுண்ட் அவற்றை வரிசைப்படுத்திக்கொள்ளும்.

புதியவர்கள் தடுக்கி விழுகிற இடங்கள் இரண்டு. 600 தடவை செய்ய வேண்டிய வரிகளைச் சற்று உள்ளே தள்ளி எழுத வேண்டும். இல்லாவிட்டால் பைத்தான் கோபித்துக்கொள்ளும். ஒவ்வொரு துளியும் எழுதியதும் அடுத்த வரிக்குப் போகச் சொல்ல வேண்டும். நான் சொல்ல மறந்தேன். 600 துளியும் ஒரே நீள வரியாக ஒட்டிக்கொண்டன. மழையும் இல்லை, ஒன்றும் இல்லை!

காது பத்திரம்!

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் காத்திருந்தேன்.

சத்தத்தின் உச்ச அளவு 1 என்று வாத்திய பைலின் தலைப்பில் எழுதுவது இப்போதைய வழக்கம். எழுதாமல் விட்டால் உச்சம் 32 ஆயிரத்துக்கு மேல் போகும். பழைய உதாரணங்களில் அப்படித்தான் இருக்கும். நான் ஒரு பழைய உதாரணத்தில் இருந்த 10,000 என்ற எண்ணைப் பார்த்து எழுதிவிட்டேன். என் பைலிலோ உச்சம் 1. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டினேன்.

காதுக்குள் இடி விழுந்தது! சாயங்காலம் வரை 'ஙொய்' என்று ஒரே ரீங்காரம். கம்ப்யூட்டருக்கு இரக்கம் கிடையாது. சொன்னதைச் செய்யும். உரத்த சத்தத்தால் காதின் உள்ளே கெட்டுப்போகும் நுண்ணிய உணர்வு அணுக்கள் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை.

ஆகவே, வீட்டில் பிள்ளைகள் இதைச் செய்தால் பெற்றோர் ஒன்றைக் கவனியுங்கள். புது பைலை முதல் தடவை ஓட்டும்போது காதில் ஹெட்போன் வேண்டாம். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கட்டும்.

"கடலை வறுக்கிறாயா?"

கடைசியில் மழை வந்தது. சமையல் அறையிலிருந்து என் தாயார் எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது, கடலை வறுக்கிறாயா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. எல்லாத் துளிக்கும் ஒரே சத்தம் வைத்திருந்தேன். மழை அப்படியா பெய்கிறது? பக்கத்தில் விழுவது பலமாகக் கேட்கும். தூரத்தில் விழுவது மெல்லக் கேட்கும். மெல்லிய துளிகளே அதிகம்.

கையால் எழுதியிருந்தால் 600 வரியையும் திருத்த வேண்டும். புரோகிராமில் திருத்தியது ஒரே ஒரு வரி. சத்தத்தையும் குருட்டாம்போக்கில் எடுக்கச் சொன்னேன், பெரும்பாலும் சிறியதாக வரும்படி. மறுபடி ஓட்டினேன்.

அம்மா சற்று நின்று கேட்டார். "இப்போது மழைதான். ஆனால் தகரக் கொட்டகை மேல் பெய்கிறது. ஓட்டு வீட்டு மழை இப்படி இருக்காது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாத்திய பைலைத் திறந்து, தகரத்தை ஓடாக மாற்ற வேண்டும்.