38,000 ரூபாய் எஸ்டிமேட், 2,750-ல் முடிஞ்ச கதை: டிராக்ஷன் கன்ட்ரோல் லைட் எரிஞ்சா முதல்ல என்ன பண்ணணும்?



மாசம் 26-ம் தேதி. அக்கவுண்ட்ல மிச்சம் 11,000 ரூபாய். ஆபீஸ் முடிஞ்சு கேம்ப் ரோடு தாண்டி ராஜகீழ்ப்பாக்கம் வந்துட்டு இருக்கேன். முந்தின நாள் நல்ல மழை. தேங்கின தண்ணிக்குள்ள பள்ளம் இருக்குறது தெரியாம முன்சக்கரத்தை இறக்கிட்டேன். 'டம்'னு ஒரு சத்தம். வீடு வந்து சேர்றதுக்குள்ள டேஷ்போர்டுல ரெண்டு மஞ்சள் லைட். ஒண்ணு ஏபிஎஸ். இன்னொண்ணு, கார் வழுக்கிட்டுப் போற மாதிரி படம் போட்ட டிராக்ஷன் கன்ட்ரோல்.

மறுநாள் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "ஏபிஎஸ் மாட்யூல் போயிருக்கும் சார். மாத்த 38,000 ஆகும். கிரெடிட் கார்டுல இஎம்ஐ போட்டுக்கலாம்"னாங்க. ஸ்கேன் பண்ணீங்களான்னு கேட்டேன். "பண்ணிடலாம் சார், ஆனா இது மாட்யூல்தான்." அந்த 'ஆனா'வுலதான் எனக்குச் சந்தேகமே வந்தது.

இந்த லைட் என்ன சொல்லுதுன்னு முதல்ல புரிஞ்சுக்குவோம். நாலு சக்கரத்துலயும் ஆளுக்கு ஒரு ஸ்பீட் சென்சார் இருக்கு. ஒரு சக்கரம் மட்டும் மத்ததை விட வேகமா சுத்தினா, அது வழுக்குதுன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணி, இன்ஜின் பவரைக் குறைக்கும், இல்லைன்னா அந்தச் சக்கரத்துக்கு மட்டும் லேசா பிரேக் பிடிக்கும். ஏபிஎஸ்ஸுக்கும் அதே சென்சார்கள்தான். அதனால ஒரு சென்சார் பேசலைன்னா ரெண்டு லைட்டும் சேர்ந்தே எரியும்.

லைட் ஓடும்போது விட்டு விட்டு மின்னினா அது கோளாறு இல்ல, ஈர ரோட்டுல சிஸ்டம் தன் வேலையைச் செய்யுது. 'ஆஃப்'னு எழுத்தோட எரிஞ்சா, யாராவது பட்டனை அமுக்கியிருக்கலாம் (எங்க வீட்டுல அக்கா பையன் ஒரு தடவை பண்ணான்). அணையாம நிலையா எரிஞ்சாதான் கவனிக்கணும். கூடவே செக் இன்ஜின் லைட்டும் எரிஞ்சா, நோய் பெரும்பாலும் இன்ஜின் பக்கம். அதைச் சரி பண்ணாலே இதுவும் அணைஞ்சுடும். வீல் அலைன்மென்ட் பண்ணின மறுநாள் வந்திருந்தா, ஸ்டீரிங் ஆங்கிள் சென்சாரை மறுபடி செட் பண்ணாம விட்டிருப்பாங்க. பேட்டரி பழசானாலும் வரும். இன்ஜின் ஆஃப்ல சுமார் 12.6 வோல்ட் இருக்கணும். காத்து குறைஞ்ச டயர்கூட காரணமா இருக்கலாம். இதுல ஒண்ணுக்கும் 38,000 ஆகாது.

ஆனா மஞ்சள் ஏபிஎஸ் லைட்டோட சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிஞ்சா, காசுக் கணக்கெல்லாம் அப்புறம். வண்டியை ஓரங்கட்டி, டோ பண்ணித்தான் எடுத்துட்டுப் போகணும். மஞ்சள் மட்டும்னா சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் உதவி மட்டும் இருக்காது. மழையில மெதுவா ஓட்டுங்க.

சரி, என் வண்டிக்கு வருவோம். செம்பாக்கம் பக்கம் கார் எலக்ட்ரிக்கல் வேலை மட்டும் பார்க்குற ஒரு அண்ணன் இருக்கார். ஸ்கேனருக்கு 500 ரூபாய் வாங்கினார். ஆன்லைன்ல வாங்குற சின்ன புளூடூத் டாங்கிள்ல இதைப் பார்க்க முடியாதான்னு கேட்டேன். "அதுல பாதிக்கு மேல 'பி'ல ஆரம்பிக்கிற இன்ஜின் கோடை மட்டும்தான் தம்பி படிக்கும். ஏபிஎஸ் கோடு 'சி'ல ஆரம்பிக்கும்"னார். என் வண்டியில வந்தது சி0035, முன்பக்க இடது சக்கர சென்சார் சர்க்யூட்.

அவர் செஞ்ச அடுத்த வேலைதான் முக்கியம். கோடு வந்த உடனே சென்சாரை மாத்தலை. கோடு எந்த சர்க்யூட்னுதான் சொல்லும், எந்த பார்ட்னு சொல்லாது. ஒயர், கனெக்டர், சென்சார் எதுவா வேணா இருக்கலாம். என்னை 20 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டச் சொல்லி, லைவ் டேட்டாவைத் திறந்தார். மூணு சக்கரம் 20 காட்டுது, இடது முன்சக்கரம் பூஜ்ஜியம். சக்கரத்தைக் கழட்டினா, சென்சாரோட சேர்ந்தே வர்ற ஒயர் அடியில அறுந்து தொங்குது. அந்தப் பள்ளத்தோட வேலை. சென்சார் 1,850, கூலி 400. ஸ்கேனோட சேர்த்து 2,750. உங்க வண்டிக்கு விலை மாறும், ஆனா கேட்க வேண்டிய கேள்வி மாறாது: "என்ன கோடு வந்தது, லைவ் டேட்டா காட்டுங்க." கழட்டின பழைய பார்ட்டையும் கேட்டு வாங்கிக்கோங்க.

வெளியில இருக்குற மெக்கானிக்குக்கு ஸ்கேனரும் ஸ்பேரும் கிடைக்கிறதே ஒரு சண்டையில வந்த விஷயம். 2011-ல ஒருத்தர் கொடுத்த புகார்ல ஆரம்பிச்சு, 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளிச் சந்தைக்கு விடாம வெச்சிருந்தாங்கங்கிறதுதான் குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க, அது தனிக் கதை.

இன்சூரன்ஸ்ல கிளைம் பண்ணலாமான்னு கேட்பீங்க. தேய்மானமும் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுனும் சாதாரண பாலிசியில வராது. பள்ளத்துல இறங்கி உடைஞ்சதை விபத்துன்னு சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். ஆனா கணக்குப் போடுங்க. ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000-னு வைங்க. நாலு வருஷம் கிளைம் இல்லாததால 45% நோ கிளைம் போனஸ், நீங்க கட்டுறது 5,500. இந்த வருஷமும் கிளைம் இல்லைன்னா 50% ஆகி 5,000. கிளைம் பண்ணா போனஸ் பூஜ்ஜியம், முழு 10,000. 2,750 ரூபாய் செலவுக்காக அடுத்த வருஷம் மட்டுமே 5,000 கூடுதலா கட்டுவீங்க, அப்புறம் மறுபடி 20%-ல இருந்து ஏறணும். எலி ஒயரைக் கடிச்சு பெரிய பில் வந்தா மட்டும் பாலிசியை எடுத்துப் படிங்க. நம்ம ஏரியாவுல அது அடிக்கடி நடக்கும்.

யூஸ்டு கார் வாங்கப் போறவங்களுக்கு இந்த லைட் வேற மாதிரி உதவும். 2015 வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணியில நின்ன வண்டிகள் எத்தனைன்னு இங்க இருக்குறவங்களுக்குத் தெரியும். சாவியை ஆன் மட்டும் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஏபிஎஸ், டிராக்ஷன் லைட் ரெண்டும் எரியணும். சில நொடியில தானா, இல்லைன்னா ஸ்டார்ட் பண்ணினதும் அணையணும். எரியவே இல்லைன்னா, யாரோ லைட்டையே பிடுங்கி விட்டிருக்காங்கன்னு சந்தேகப்படுங்க. அந்த வண்டியை ஸ்கேன் பண்ணாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

நான் இப்ப கார் ரிப்பேருக்குன்னே மாசம் 1,500 ரூபாய் தனியா ஆர்டி போட்டிருக்கேன். அன்னைக்கு அது இருந்திருந்தா அந்த இஎம்ஐ பேச்சுக்கு ஒரு நிமிஷம்கூட மனசு ஆடியிருக்காது. பில்லுல ஏமாத்திட்டாங்கன்னு தோணினா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அறுந்த சென்சார் ஒரு கவர்ல போட்டு இன்னும் டேஷ்போர்டு பெட்டிக்குள்ளதான் கிடக்கு. நாலு நாள் கழிச்சு அந்த ஒர்க்‌ஷாப்ல இருந்து போன்: "சார், மாட்யூல் ஆர்டர் போட்டுடட்டுமா?"