பேசாத பெட்டி

யாழின் பத்தரும் வீணையின் குடமும் தாமும் அதிர்ந்து இசையை வளர்ப்பன. வீணைக்குப் பலாமரத்தைத் தேர்வதும் அது நன்கு ஒலிக்கும் என்பது பற்றியே. 1947 இல் வெளிவந்த விபுலானந்த அடிகளாரின் யாழ் நூலைப் பயின்ற பழக்கத்தினால், ஒலிக்கென அமைந்த மரப்பெட்டி எதுவாயினும் அதுவும் உடன் பாடுதல் வேண்டும் என்றே யான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் எங்கும் பொருந்தாது என்பதை, வீட்டில் என் கையாற் செய்த ஒலிபெருக்கிப் பெட்டியொன்று எனக்கு உணர்த்தியது.

எனக்கு இலக்கணங் கற்பித்த ஆசிரியர் இன்று இல்லை. அவர் எழுத்ததிகாரம் நடத்திய ஒரு மாலைப் பாடம் ஒலிநாடாவிற் பதிவாகி என்னிடம் உள்ளது. லகர ளகர ழகரங்களின் பிறப்பை அவர் ஒலித்துக் காட்டும் பகுதி அதில் உண்டு. அதனை மாணவர்க்குக் கேட்பிக்க விரும்பி, பழுதான வானொலிப்பெட்டியினின்றும் கழற்றிய 8 அங்குல ஒலிபெருக்கியை மேசைமீது வைத்து ஒலிக்கச் செய்தேன். குரல் மெலிந்து, தகரத்திற் பேசுவது போற் கேட்டது.

காரணம் எளிது. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே நகர்ந்து காற்றை நெருக்கும்போது, பின்னேயுள்ள காற்று நெகிழ்கின்றது. இவ்விரண்டும் விளிம்பைச் சுற்றிவந்து கலந்து ஒன்றையொன்று அழிக்கின்றன. செக்கனுக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் அலை ஏறக்குறைய 11 அடி நீளமுடையது. அதற்கு 8 அங்குல வட்டம் ஒரு தடையாகாது. இக்கால ஒலிபெருக்கிக்கு 1925 இல் வழிகோலிய றைஸ், கெலொக் என்னும் அமெரிக்கர் இருவரும் கூம்பைப் பலகையிற் பொருத்தியமை முன்னையும் பின்னையும் பிரித்தற்பொருட்டேயாம். பின்னலையைச் சிறைசெய்தலே பெட்டியின் முதற் கடமை.

ஆகவே அரை அங்குலப் பலாப்பலகையில், நீளம் அகலம் உயரம் மூன்றும் ஒத்த பெட்டியொன்றைச் செய்து மெருகிட்டேன். கண்ணுக்கு அழகாகவே இருந்தது. ஆனால், ஆசிரியரின் ஒவ்வொரு சொல்லின் பின்னும் ‘உம்’ என்றோர் ஓசை தொடர்ந்தது. ளகரமும் ழகரமும் வேறுபாடின்றிக் குழம்பின. என் ஆசிரியரின் குரலை யானே கெடுத்துவிட்டேன் என்று வருந்தினேன்.

ழகரம் பிழைத்தமைக்காக வகுப்பிலே யான் பலமுறை கடிந்த மாணவர் ஒருவர் இன்று கைதேர்ந்த தச்சர். அவரை அழைத்துக் காட்டினேன். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோலப் பெட்டியின் பக்கங்களை விரல் மடக்கித் தட்டினார்.

“ஐயா, இது பெட்டியில்லை, மேளம். உள்ளுக்கை சட்டம் குடுத்து இதின்ரை வாயை அடக்கவேணும்” என்றார்.

அவ்வாறே முக்கால் அங்குல ஒட்டுப்பலகையில் மீண்டும் தொடங்கினோம். எதிரெதிர்ச் சுவர்களிடையே மோதித் திரும்பும் ஒலி மூன்று திசையிலும் ஒரே சுருதியை மிகுவிக்காதபடி, உள்ளளவுகளை 19, 12, 9 அங்குலமாக வேறுபடுத்தினோம். பக்கப் பலகைகளைக் குறுக்குச் சட்டத்தாற் பிணித்தோம். மூட்டுகளைப் பசையிட்டுத் திருகாணியால் இறுக்கிக் காற்றுக் கசியாமல் அடைத்தோம்; உள்ளே இலவம்பஞ்சைத் தளர நிரப்பினோம். இங்கிலாந்தில் வாஃப்டேல் ஒலிபெருக்கிகளைச் செய்த பிறிக்ஸ் என்பவர், பலகையை அடக்குதற்கு இரு தகடுகளின் நடுவே மணலை நிரப்பினார் என்பது இங்கு நினைக்கத் தக்கது. பெட்டியில் அளவறிந்து துளையிட்டுப் பின்னலையையும் பயன்கொள்ளும் முறையும் உண்டு. ஆஸ்திரேலியரான தீல் 1961 இல் அதற்குரிய கணக்கை விளக்கினார். எம் முயற்சிக்கு மூடிய பெட்டியே போதியதாயிற்று.

பின்னர் நாடாவைச் சுழலவிட்டோம். பெட்டி பேசவில்லை, ஆசிரியரே பேசினார். நாநுனி வளைந்து ழகரம் பிறக்கும் இடம் தெளிவாகக் கேட்டது. தச்சர் தலைகுனிந்து மெல்ல அதனை ஒலித்துப் பார்த்தார், பிழையின்றி வந்தது.

“இப்பதான் ஐயா எனக்கு விளங்குது” என்றார்.

யான் விடையொன்றுங் கூறவில்லை. அந்நாளில் வகுப்பறையிலே ழகரத்தினும் என் கடிந்துரையே மிகுந்து ஒலித்தது போலும். யாழின் பத்தர் பாடுதல் அதற்கு அழகு. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அடங்குதலே அழகு. ஆசிரியன் இவ்விரண்டனுள் எதுவாதல் வேண்டும் என்பதை என் மாணவரிடமே யான் கற்றேன்.